ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கிடைக்குமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 6 வருடம் மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். சம்பளம் 17,000 ரூபாய். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 8 மாதத்துக்கு முன், ஆர்டர் இல்லை என்று சொல்லி எங்கள் லைனில் இருந்த எல்லோரையும் எச்.ஆர். அழைத்து, தயாராக டைப் செய்து வைத்திருந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால்தான் செட்டில்மென்ட் என்றார்கள். வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு என்று இப்போதுதான் தெரிந்தது. "நீக்கிட்டாங்கன்னு பத்திரத்துல எழுதிக் கொடு, ராஜினாமாவைப் பத்தி வாயே திறக்காதே" என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா சார்?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: செய்யாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்து ஈ.எஸ்.ஐ. பணம் பெறுவது தண்டனைக்குரிய குற்றம். மறைத்தாலும் மறையாது. மாதாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, நின்றுபோன தொழிலாளிக்கு எதிரே கம்பெனி ஒரு காரணக் குறியீட்டைப் பதிகிறது. 2 என்றால் வேலையை விட்டுப் போனவர், 10 என்றால் ஆட்குறைப்பு. உங்கள் பெயருக்கு எதிரே பெரும்பாலும் 2தான் இருக்கும்.

எல்லாம் அந்த ஒரு கடிதத்தில்தான் நிற்கிறது. வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் இரண்டு திட்டங்கள் உண்டு. 2018-இல் வந்த அடல் திட்டத்தில், சராசரி தினச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே முறை கிடைக்கும். உங்கள் சம்பளத்துக்குச் சுமார் 25,000 ரூபாய். 2005-இல் வந்த ராஜீவ் காந்தி திட்டம் இன்னும் பெரிது: முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால்வாசி. ஆனால் அது ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு மட்டுமே. தானாக வேலையை விட்டவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இரண்டுமே இல்லை. ஆட்குறைப்பு என்றால் கம்பெனி நோட்டீஸ் தர வேண்டும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என இழப்பீடும் தர வேண்டும். உங்களிடம் கையெழுத்து வாங்கியதில் அதெல்லாம் கம்பெனிக்கு மிச்சம்.

மிரட்டி வாங்கிய ராஜினாமா ராஜினாமாவே அல்ல, அது பணிநீக்கம்தான் என்று நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஒரே நாளில், ஒரே வாசகத்தில், ஒரு லைன் முழுக்க ராஜினாமா செய்தது நல்ல சாட்சியம். அதைக் கையில் வைத்துக்கொண்டு 8 மாதம் என்ன செய்தீர்கள்? கையெழுத்துப் போட்ட மறுநாளே "என் விருப்பத்தில் தரவில்லை" என்று நாலு வரி எழுதி அனுப்பியிருந்தால் இன்று பாதி வேலை முடிந்திருக்கும். கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று எழுதவில்லை. செட்டில்மென்ட் ரசீதில் எதற்குச் சம்மதித்தீர்கள் என்றும் இல்லை. நேரடி ஆளா, கான்ட்ராக்ட் ஆளா என்பது கூட இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். கோபம் முழுசாக இருக்கும், காகிதம் ஒன்றும் இருக்காது.

அடல் திட்டத்தில் வேலை போன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு மிச்சம் 4 மாதம். கம்பெனி கையெழுத்து தேவையில்லை, கிளை அலுவலகத்திலேயே நேரடியாகக் கொடுக்கலாம். அது அவ்வப்போது நீட்டிக்கப்படும் தற்காலிகத் திட்டம் என்பதால், இன்று அமலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நடந்ததை நடந்தபடி, ராஜினாமா உட்பட எழுதுங்கள். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள்.

ராஜினாமா கட்டாயமா, விருப்பமா என்பதைத் தீர்ப்பது ஈ.எஸ்.ஐ. அல்ல. அதற்குத் தொழிலாளர் துறைச் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தில் கெடு 3 ஆண்டு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் 2 ஆண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தேதிகளைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். கிராஜுவிட்டி தனி. 6 வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு, செட்டில்மென்டில் சேர்த்தார்களா பாருங்கள்.

இது பொதுவான கருத்து மட்டுமே. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, எச்.ஆர். அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளோடு தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள். ராஜினாமா கடிதத்தின் நகல் இல்லையென்றால், கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதிக் கேட்டு, அந்த ரசீதையும் கொண்டு போங்கள்.