மூடாத போல்ட்டும் மூடிவிடும் போல்ட்டும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் இலையுதிர் காலம் வந்தால் மான் வேட்டைப் பருவம். அதையொட்டிப் புது ரைபிள் வாங்குகிறவர்கள் கடைக்குத் திரும்பி வந்து சொல்லும் புகார்களில் ஒன்று நிரந்தரமானது: "தோட்டாவை வைத்தால் போல்ட் மூடவே மாட்டேன் என்கிறது." போல்ட் என்பது குழலின் பின்வாயை அடைக்கும் தாழ்ப்பாள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வரும். முன்னால் தள்ளிக் கீழே இறக்கினால் புதுத் தோட்டா, குழலின் பின்கோடியில் அது உட்காரும் அறையான சேம்பருக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். இத்தனை எளிய இயந்திரத்தைச் சுற்றித்தான் இத்தனை நம்பிக்கைகள்.

நம்பிக்கை: "புதுசு இறுக்கமாகத்தான் இருக்கும். ஓங்கித் தட்டி மூடு, பழகிவிடும்."

இதில் கால்வாசி உண்மை. போல்ட் ஓடும் தடம் ஆரம்பத்தில் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், போகப் போக வழுவழுப்பாகும். ஆனால் சேம்பரின் அளவு பழக்கத்தால் மாறாது. போல்ட் பாதி வழியில் தயங்குவது வேறு, கைப்பிடியைக் கீழே இறக்கும் கடைசிக் கட்டத்தில் முரண்டுவது வேறு. கடைசிக் கட்டத்தில் முரண்டினால், உள்ளே போகிற பொருள் பெரிதாக இருக்கிறது அல்லது உள்ளே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது என்று பொருள். அங்கே உள்ளங்கையால் அடித்து மூடினால் என்ன ஆகும்? குண்டு குழலின் வரிப்பள்ளங்களில் ஆப்பாக இறங்கிவிடும். பிறகு போல்ட்டைத் திறக்கும்போது குண்டு குழலிலேயே தங்கி, கூடு மட்டும் வெளியே வந்து, வெடிமருந்து இயந்திரம் முழுக்கக் கொட்டும். இதைவிட மோசம், சுடப்படாத தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டு திறக்கவும் முடியாமல் போவது.

முதல் சோதனைக்குத் தோட்டாவே வேண்டாம். துப்பாக்கி காலிதானா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதிசெய்துகொண்டு, வெறும் போல்ட்டை மூடிப் பாருங்கள். காலியாகவே மூடவில்லை என்றால் கோளாறு போல்ட்டில், அல்லது அதைக் கழற்றி மாட்டியதில். காலியாக மூடி, தோட்டாவோடு மூடவில்லை என்றால் சேம்பரையும் தோட்டாவையும் பார்க்க வேண்டும். அடுத்தபடி, மருந்தும் தீமூட்டியும் இல்லாத போலித் தோட்டாவைப் போட்டுப் பார்க்கலாம். நிஜத் தோட்டாவை வீட்டுக்குள் வைத்துச் சோதிக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அது சுடுதளத்தில், குழல்வாய் மண்மேட்டைப் பார்த்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

நம்பிக்கை: "ஹெட்ஸ்பேஸ் தப்பு. தொழிற்சாலைக் கோளாறு."

எடுத்த எடுப்பில் எல்லோரும் உச்சரிக்கும் சொல் இதுதான். போல்ட்டின் முகத்திலிருந்து சேம்பருக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடம் வரை உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். .308 வின்செஸ்டர் ரகத்துக்கு 1.630 அங்குல கேஜின் (அளவு பார்க்கும் உலோகத் துண்டின்) மேல் போல்ட் மூட வேண்டும், 1.634 அங்குல கேஜின் மேல் மூடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். இந்த அளவு பார்க்காமல் ஒழுங்கான தொழிற்சாலை எதுவும் ரைபிளை அனுப்புவதில்லை. தவறி வருவதும் உண்டு, ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். துரு பிடிக்காமலிருக்கத் தடவிய கிரீஸ் சேம்பரில் உறைந்திருக்கலாம். சுத்தம் செய்த துணியின் நூலோ உலோகத் துணுக்கோ, கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் முழுதாகப் பூட்டாமல் தொங்கியிருக்கலாம். ஒரு டார்ச் விளக்கும் சேம்பர் பிரஷ்ஷும் போதும், பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

சேம்பரைச் சுத்தம் செய்தபின் எண்ணெய் வழிய விடாதீர்கள். சுடும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர்ச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பிடி நழுவி, போல்ட்டின் மேல் விழும் உதை கூடும்.

நம்பிக்கை: "இதே தோட்டா என் பழைய ரைபிளில் ஜோராகப் போனது. அப்படியானால் குற்றம் புதியதில்."

சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒருமுறை சுட்டதும் கூடு அந்தத் துப்பாக்கியின் சேம்பர் அளவுக்கு விரிந்துவிடுகிறது. கழுத்தை மட்டும் இறுக்கி மறுபடி நிரப்பினால் அதே துப்பாக்கியில் போகும், இன்னொன்றில் போகாமல் போகலாம். முழுக் கூட்டையும் அச்சில் இட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும், நீண்டுபோன கழுத்தை வெட்ட வேண்டும், குண்டை அளவுக்கு மேல் வெளியே நீட்டி வைக்கக் கூடாது. கடையில் வாங்கிய புதுத் தோட்டா தடையில்லாமல் போய், கையால் நிரப்பியது போகவில்லை என்றால் தீர்ப்பு சொல்லியாயிற்று.

மவுசர் 98 வம்சத்து ரைபிள் என்றால் இன்னொரு சிக்கல். அதன் எக்ஸ்ட்ராக்டர், மேகசினிலிருந்து மேலேறி வரும் தோட்டாவின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் முன்னேறும். தோட்டாவைக் கையால் நேரே சேம்பரில் போட்டுவிட்டு மூடப் பார்த்தால் பல ரைபிள்கள் மறுத்துவிடும். 1962இல் வந்த ரெமிங்டன் 700 போன்றவற்றில் இந்தத் தகராறு இல்லை.

தோட்டாவும் சேம்பரும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி கனடாவின் ராஸ் ரைபிள். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில், கனடா வீரர்கள் அதன் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. பலர் அதை வீசிவிட்டு, இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். குற்றம் சேற்றுடையது என்று இன்றும் சொல்வார்கள். சேறு உண்டுதான். ஆனால் அதன் சேம்பர் இறுக்கமாக வெட்டப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் அவசரத்தில் செய்து தள்ளிய .303 தோட்டாக்களின் அளவு முன்பின்னாக இருந்தது. லீ என்ஃபீல்டின் தாராளமான சேம்பர் அவற்றை விழுங்கிக்கொண்டது, ராஸ் விழுங்கவில்லை. போதாததற்கு, போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் அதன் பூட்டுப் பற்கள் தடுப்பில் மோதிச் சிதைந்தன. அமைச்சர் சாம் ஹியூஸ் கடைசிவரை அந்த ரைபிளுக்கு வக்காலத்து வாங்கினார். 1916இல் ராஸும் போனது, அவர் பதவியும் போனது. தோட்டாவைப் பொறுக்கி எடுத்து, ரைபிளைத் துடைத்து வைத்துக்கொண்ட குறிசுடுவீரர்கள் மட்டும் ராஸை விடவில்லை. துல்லியத்தில் அதற்குக் குறைவில்லை.

நம்பிக்கை: "போல்ட் மூடிவிட்டதா? அப்படியானால் சரியான தோட்டாதான்."

இவற்றில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். மூடாத போல்ட் எரிச்சலூட்டும், அவ்வளவுதான். தவறான தோட்டாவின் மேல் மூடிக்கொள்ளும் போல்ட் முகத்துக்கு எதிரே வெடிக்கும். .300 பிளாக்அவுட் தோட்டா, .223 ரெமிங்டனின் கூட்டைக் குட்டையாக்கிச் செய்த வடிவம். அடிப்பாகம் ஒன்றே, மேகசினிலும் ஒன்றாகவே உட்காரும். குண்டு மட்டும் .308 அங்குலம். .223 குழலுக்குரிய குண்டோ .224 அங்குலம். சிலவகைக் குண்டுகள் கூட்டுக்குள் பின்னுக்குப் போய், போல்ட்டும் மூடிவிடும். விசையை இழுத்தால் குண்டுக்குப் போக வழியில்லை, ரைபிள் சிதறும். வெட்டிச் செய்த கூடுகளின் அடியில் பழைய .223 முத்திரையே இருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. ஜெர்மனியின் 8 மில்லிமீட்டர் மவுசரிலும் இதே பொறி உண்டு. 1888இல் வந்த குண்டின் குறுக்களவு .318 அங்குலம், பின்னர் வந்தது .323. கூட்டின் அளவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் பழைய ரைபிள் புதுத் தோட்டாவை மறுப்பதில்லை.

இந்தியாவில் ராணுவ ரகமான .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. அதனால்தான் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை லீ என்ஃபீல்ட் சாயலில் .315 ஸ்போர்ட்டிங் ரைபிளைச் செய்தது. தோற்றத்தைப் பார்த்து .303 என்று நினைக்க வேண்டாம், அதன் தோட்டா வேறு.

ஆகவே ரைபிள் வைத்திருப்பவர்கள் குழலில் பொறித்திருப்பதையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்து, சேம்பரும் சுத்தமாக இருந்து, கடையில் வாங்கிய தோட்டாவுக்கும் போல்ட் மூடவில்லை என்றால் உப்புத்தாளை எடுத்துச் சேம்பரைத் தேய்க்க உட்காராதீர்கள். ரைபிளை உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்புங்கள். தோட்டா உள்ளே சிக்கியிருந்தால் குழல்வாய் வழியாகக் கம்பியை விட்டு இடிக்காதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துவிட்டு, சுடுதளப் பொறுப்பாளரையோ துப்பாக்கி பழுதுபார்ப்பவரையோ அங்கேயே வரவழையுங்கள்.