பழைய காரின் மேனிபோல்டுக்கு என்ன பூசலாம்?

அம்பாசடர், பத்மினி மாதிரிப் பழைய வண்டிகளின் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, ஏற்றத்தில் இழுக்கும்போது 500 டிகிரியையும் தாண்டிச் சுடும். சாதாரண இன்ஜின் பெயின்ட் அதில் கருகி உரிந்துவிடும். பவுடர் கோட்டிங்கும் தாங்காது. துத்தநாகம் 419 டிகிரியிலேயே உருகுவதால் கால்வனைசிங் பக்கமே போக வேண்டாம்.

கைக்கு அடக்கமான செலவில் முடிக்க, 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் அலுமினியம் பெயின்ட் போதும். டப்பாவில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘ஹீட் ப்ரூஃப்’ என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள்.

பாதி வேலை சுத்தம் செய்வதில்தான். துருவையும் பழைய பெயின்டையும் சாண்ட் பிளாஸ்டிங்கில் எடுத்து, தின்னரால் துடைத்தபின் வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது. சாதாரண பிரைமர் வேண்டாம். மெல்லிசாக இரண்டு கோட். தடிமனாக அடித்தால் கொப்புளம் வரும். காய்ந்த பிறகு, திறந்த வெளியில் இன்ஜினைச் சிறிது நேரம் ஓட விட்டு, ஆற விட்டு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுங்கள். சூட்டில்தான் இது இறுகும்; அப்போது புகை வரும், பயப்பட வேண்டாம்.

பட்ஜெட் இடம் கொடுத்தால் செராமிக் கோட்டிங் இதைவிடப் பல மடங்கு உழைக்கும். குரோம் கேட்காதீர்கள், சூடேறினால் நீலம் பாரித்துவிடும்.