கணக்காய்வு மென்பொருளும் ஆசிரியர் மனமும்

தேயிலை மலைகள் சூழ்ந்த ஊவா நாட்டிற் கணக்காய்வு புதிய பொருளன்று. கொழுந்து நிறுத்துக் கணக்கப்பிள்ளை எழுதிய கொப்பியும் தோட்டத்துச் செக்ரோலும் ஒத்துள்ளனவா என நோக்குதலும் கணக்காய்வே. ஒரு பெயர் விடுபடின் ஒருநாட் கூலி விடுபடும். முன்னர் மாதிரிக்குச் சில பதிவுகளையே பார்த்தனர். இன்றைய கணக்காய்வு மென்பொருளோ பதிவுகள் யாவற்றையும் ஒப்பிட்டு, இருமுறை வந்த பெயரையும் இடையில் விடுபட்ட இலக்கத்தையும் விரைவிற் காட்டுகின்றது.

இத்துணைப் பயனுடைய கருவியை வகுப்பிற்குக் கொணரக் கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியர் தயங்குவதேன்? கணினிக் கருவியை ஒருவர் ஏற்பது, அது பயன்தரும், கையாள எளிது என்னும் இரு நம்பிக்கைகளைப் பொறுத்தது என 1989 இல் பிரெட் டேவிஸ் எழுதினார். சூழவுள்ளோர் கருத்தும், வேண்டிய வசதியும் உதவியும் கிடைத்தலும் காரணங்களாம் என 2003 இல் வெங்கடேஷ் முதலியோர் விரித்துரைத்தனர்.

பதுளைப் பகுதிக்கும் இவை பொருந்தும். பரீட்சையில் வினவப்படாததற்கு நேரம் ஒதுக்குதல் அரிது. ஒரு கணினியைப் பலர் பங்கிடும் பாடசாலையிற் பயிற்சியும் அரிது. மாணாக்கர் முன் பிழைத்துவிடுவோமோ என்னும் அச்சம் யாவற்றினும் பெரிது. ஆகலின் தயக்கத்தைச் சோம்பல் எனல் தகாது.

கணக்காய்வுத் துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்களிடம் நாம் வேண்டுவது இதுவே: மென்பொருளை அன்பளிப்பாகத் தந்து நின்றுவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை வந்து, மாணாக்கரை அழைப்பதற்கு முன்னரே ஆசிரியர் அருகில் அமருங்கள். சிற்றுண்டிச்சாலைக் கணக்கொன்றை அவரோடு சேர்ந்து ஆராயுங்கள். ஆசிரியர் அச்சம் நீங்கின், தோட்டத்துப் பிள்ளையும் தன் பெற்றோர் பெயர் விடுபடாது காக்கும் கலையைக் கற்கும்.