மென்பொருள் வானொலி

வானொலி அன்பர் சிலர் 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவிய காலத்து, கருவியின் தொழில் ஒவ்வொன்றற்கும் ஓர் உறுப்பு வேண்டியிருந்தது. வேண்டிய அலையைத் தேர்தற்குக் கம்பிச்சுருளும் கண்டென்சரும்; அதனின்று குரலைப் பிரித்தற்கு வால்வு. இன்று அத்தொழில்கள் பலவும் கணக்காயின. ஏரியல் ஏந்தும் அலையை ஒரு சிறு கருவி நொடிக்குப் பல இலட்சம் முறை அளந்து எண்களாக்கும். கணினி அவ்வெண்களினின்று குரலைப் பிரிக்கும். இலக்கணம் பயிலும் எமக்கு இது, புணர்ந்த சொற்களை விதிகொண்டு பிரித்தலையே ஒத்துத் தோன்றுகிறது. விதியை மாற்றின் கருவியே வேறாம்.

தொலைக்காட்சிக்கென விற்ற மலிவான யூ.எஸ்.பி. துண்டொன்று இதற்கு உதவுமென்பது 2012-இல் பரவலாக வெளிப்பட்டது. பட்டறையில்லாத சேவுகம்பட்டி மாணவரும் அதுகொண்டு, பன்னாட்டு விண்வெளி நிலையம் மேலே கடக்குங்கால் 145.8 மெகாஹெர்ட்சில் செவிசாய்க்கலாம். (அமெச்சூராய்ப் பேசுதற்கோ அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும்.)

ஆயினும் அத்துண்டின் அளவுகோலில் 256 படிகளே உள. மேற்கே கொடைக்கானல் மலையினின்று 100.5 மெகாஹெர்ட்சில் பண்பலை முழங்குகிறது. கருவியின் செவியைக் கூர்மையாக்கின் அம்முழக்கம் ஏனையவற்றையும் சிதைக்கக்கூடும். மழுக்கினோ மெல்லிய குரல் படிகளுள் அகப்படாது. சிதைந்த எண்களை எக்கணக்கும் முற்றச் செம்மையாக்காது. ஆதலின் ஏரியலுக்கும் துண்டுக்கும் இடையே, பண்பலையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை வைப்பர். அதனுள் யாம் காண்பன பழைய கம்பிச்சுருளும் கண்டென்சருமே.