புது ட்ரெய்லரில் ஒரு கீறல்: பூச்சு வேலைக்கு வந்திருக்கும் தம்பிக்கு



ட்ரெய்லர் பட்டறையில் பூச்சு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். பழைய வண்டிகளோடு, வாங்கி ஒரு கோடைகூட முடியாத வண்டிகளும் உன் கைக்கு நிறைய வரும். 2021-இல் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் அதிகமான முகாம் வண்டிகள் கடைகளுக்குப் போயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பின்னால் கட்டி இழுக்கும் ட்ரெய்லர்கள். வாங்கியவர்களில் பலருக்கு அதுதான் முதல் வண்டி. முகாமுக்குள் போகும் குறுகலான பாதையில் இருபுறமும் கிளைகள் உரசும். பின்னால் எடுக்கும்போது வேலிக்கம்பி இழுக்கும். அரிசோனா பாலைவனத்தின் முட்புதர்கள் வண்டியின் நீளத்துக்கும் கோடு போட்டு அனுப்பும். வண்டிக்காரர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இதைப் போக்க முடியுமா?" என்று கேட்பார். பெரும்பாலும் முடியும். முடியும் என்பதாலேயே உடனே தலையாட்டிவிடாதே என்கிறேன். எதைச் செலவழித்து அதைப் போக்கப்போகிறாய், செலவழித்தபின் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் மெஷினைக் கையில் எடுக்கக் கூடாது. புது வண்டியின் கீறலில் எவ்வளவு குறைவாகக் கை வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வைப்பதுதான் நல்ல வேலை. சில கீறல்களைத் தொடாமல் விடுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

கீறல் என்பது பூச்சில் விழுந்த பள்ளம். பள்ளத்தின் கரைகளில் வெளிச்சம் சிதறுவதால் அது நம் கண்ணுக்குக் கோடாகத் தெரிகிறது. காம்பவுண்ட் வைத்துத் தேய்க்கும்போது பள்ளம் நிரம்புவதில்லை. சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். அதாவது, அடிபடாத நல்ல பூச்சைத்தான் எடுக்கிறோம். கார்களில் இருப்பதுபோன்ற க்ளியர்கோட் பூசிய வண்டியென்றால், அந்தக் க்ளியர்கோட்டின் கனம் ஏறக்குறைய 40 முதல் 60 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதற்கான மருந்தும் அதற்குள்தான் கலந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மைக்ரானைத் தேய்த்துவிட்டால் பளபளப்பு அப்படியேதான் இருக்கும். தாங்கும் சக்திதான் குறைந்திருக்கும். அது அன்றைக்குத் தெரியாது. சில வருடம் கழித்து, தேய்த்த இடத்தில் மட்டும் பூச்சு வெளுத்து உரியத் தொடங்கும்போது தெரியும். அப்போது வண்டி உன்னிடம் வராது, வேறு யாரிடமோ போகும். நம் தொழிலில் தவறு செய்தவனுக்குப் பெரும்பாலும் தகவலே வந்து சேர்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் கை தைரியமாகத் தேய்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எந்தத் தோலின் மேல் கை வைக்கிறாய் என்பதை முதலில் தெரிந்துகொள். ட்ரெய்லர் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் வெளிச்சுவர் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. விலை குறைந்த வண்டிகளில் மரச்சட்டத்தின் மேல் அலை அலையாக மடித்த அலுமினியத் தகடு அடித்திருப்பார்கள். அதன் வண்ணம் சுருள் தகடாக இருக்கும்போதே பூசிச் சூட்டில் வாட்டியது. சுமார் 25 மைக்ரான்தான். மடிப்பின் முகட்டில் காம்பவுண்ட் மெஷினை ஓட்டினால் நிமிடத்தில் உலோகம் தெரிந்துவிடும். இந்தச் சுவரில் மெஷின் வேலையே வேண்டாம். உலோகம் தெரிகிற இடத்தில் டச்சப் பெயின்டைச் சின்னத் தூரிகையால் வை, மற்றதை விடு. அடுத்தது, தட்டையான ஃபைபர்கிளாஸ் தாளை ஒட்டிச் செய்த சுவர். அதன் முகத்தில் ஜெல்கோட் என்ற பூச்சு இருக்கும், அந்த ஜெல்கோட்டின் கனம் வண்டிக்கு வண்டி மாறும். மூன்றாவது, அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் ஓடு. 1968-இல் கனடாவின் வின்னிபெக்கில் வெளிவந்த போலர் வண்டியும், இன்றைய ஸ்கேம்ப், காசிட்டா வண்டிகளும் இந்த வகை. இவற்றில் ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், க்ளியர்கோட்டைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. ஐம்பது வயதைத் தாண்டிய போலர்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. உன் முன்னால் நிற்கும் புது வண்டியின் பூச்சும் அத்தனை காலத்துக்கு உழைக்க வேண்டியிருக்கலாம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கு.

ஏர்ஸ்ட்ரீம் தனி வகை. ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் உருவாகும் அந்த வெள்ளி வண்டியின் தகட்டுக்குத் தொழிற்சாலையிலேயே க்ளியர்கோட் பூசியிருக்கும். பழைய ஏர்ஸ்ட்ரீம்களின் பூச்சை முழுக்க உரித்துக் கண்ணாடிபோல மெருகேற்றியவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, புது வண்டியிலும் கீறல் விழுந்த இடத்தை மட்டும் அப்படிச் செய்யச் சொல்லி ஆட்கள் வருவார்கள். செய்யாதே. அந்த இடத்தில் க்ளியர்கோட் போய்விடும். உள்ளே இருக்கும் அலுமினியம் சுற்றியுள்ள தகட்டிலிருந்து வேறு நிறத்தில் மின்னும். கோடு இருந்த இடத்தில் திட்டு வந்து நிற்கும். கோட்டைவிட அது பத்தடி தூரத்திலிருந்தே கண்ணில் படும். க்ளியர்கோட்டைக் கடந்து தகட்டிலேயே விழுந்த ஆழமான கீறலுக்கு உண்மையான தீர்வு, ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்துத் தகட்டையே மாற்றுவதுதான். செலவு பெரிது என்பதால் பலர் கீறலோடு வாழ முடிவெடுப்பார்கள். அந்த முடிவு எடுக்கும் உரிமை அவர்களுடையது. உன் வேலை, உண்மையான விலையை அவர்கள் முன்னால் வைப்பது.

இனி இந்தக் கடிதத்தின் மையத்துக்கு வருகிறேன். கார் பட்டறையில் பூச்சின் கனத்தை அளக்க ஒரு சிறு கருவி வைத்திருப்பார்கள். இரும்புத் தகடென்றால் காந்தத்தாலும், அலுமினியமென்றால் சுழல் மின்னோட்டத்தாலும் அது அளக்கும். இரண்டுக்கும் பூச்சின் அடியில் உலோகம் வேண்டும். ஃபைபர்கிளாஸ் சுவரில் அதை வைத்தால் எண் வராது. மீயொலியால் அளக்கும் கருவி உண்டு; விலை அதிகம், எல்லாப் பட்டறையிலும் இருக்காது. ஆக, நம் கைக்கு அதிகம் வரும் சுவரில்தான் நமக்கு அளவு தெரியாது. ஒருவன் எவ்வளவு எடுத்தான் என்பது அவன் எழுதி வைத்தால் ஒழிய அடுத்தவனுக்குத் தெரியப்போவதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலையில் துணிச்சலைவிட நிதானம்தான் நம்மைக் காப்பாற்றும். குறைவாக எடு என்று நான் வற்புறுத்துவதற்கு அழகுணர்ச்சி காரணமல்ல, அளவு தெரியாத இந்த நிலைதான் காரணம்.

மெஷினைத் தொடுவதற்கு முன் பார்ப்பதற்கு நேரம் கொடு. சுவரைக் கழுவித் துடை. பாதிக் 'கீறல்கள்' கிளையின் பிசினும் ரப்பர் தடமுமாக இருந்து, கழுவியதிலேயே போய்விடும். மிச்சத்தை டார்ச் வெளிச்சத்தைச் சுவரோடு சாய்வாகப் பிடித்துப் பார். தண்ணீரைத் தடவு. ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்தபின் திரும்பி வந்தால் அது மேலோட்டமானது. விரல் நகத்தைக் குறுக்கே மெல்ல இழு. நகம் மாட்டினால் ஆழம். இவையெல்லாம் பட்டறையில் எல்லோரும் சொல்லித் தருவதுதான். அவர்கள் சொல்லத் தவறுகிற ஒன்று உண்டு: கீறல்போலத் தெரிகிற வெடிப்பு. ஜன்னல் மூலையிலும் கதவு மூலையிலும் மயிரிழைபோல ஒரு கோடு கிளம்பி, இரண்டு மூன்றாகப் பிரிந்து போகும், அல்லது ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரியும். கிளையோ கம்பியோ போட்ட கோடு வந்த திசையைக் காட்டும், சுவரை விட்டு விலகும் இடத்தில் மெலிந்து முடியும். வெடிப்பு அப்படி முடிவதில்லை. அது சட்டம் முறுக்குவதாலோ அடி விழுந்ததாலோ உள்ளிருந்து வந்தது. நாள் முழுக்கத் தேய்த்தாலும் போகாது, போனதாகத் தெரிந்தாலும் அடுத்த பயணத்தில் திரும்பி வரும். புது வண்டியில் அதைக் கண்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் படம் எடு. அது உற்பத்தியாளரின் உத்தரவாதத்துக்குள் வரவேண்டிய விஷயமாக இருக்கலாம். நீ தேய்த்துவிட்டால் வண்டிக்காரரின் கையிலிருந்த சாட்சியை அழித்தவனாகிறாய்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் பார்ப்போம். பூச்சை எடுக்காமலே கோட்டை மறைக்கிற கிளேஸ் வகைப் பாலிஷ்கள் இருக்கின்றனவே, அவற்றைப் போட்டால் என்ன என்பார்கள். போடலாம். அவை பள்ளத்தை எண்ணெயாலும் மெழுகாலும் நிரப்பி வெளிச்சத்தை ஏமாற்றுகின்றன. மேலோட்டமான கீறலுக்கு நான் பரிந்துரைப்பதும் ஒரு நல்ல மெழுகுப் பூச்சுதான், அது சுவருக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் சில தடவை கழுவினால் போய்விடும்; ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தால் அந்த நொடியே கோடு மறுபடி தெரியும். மறைத்திருக்கிறேன், எடுக்கவில்லை என்று வாயால் சொல்லிவிட்டுப் போடு. சொல்லாமல் போட்டு, எடுத்ததற்கான கூலியை வாங்குவது திருட்டு. கடும் சொல்தான், ஆனால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: கீறலை விட்டால் அது வளரும், தண்ணீர் இறங்கும், சுவர் கெடும். இந்தப் பயம் பாதி உண்மை. ஜெல்கோட்டின் கனத்துக்குள்ளேயே நின்றுவிட்ட கீறல் வளராது. அழுக்கு தங்கிக் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அலுமினியத்தில் உலோகம் வரை போன கீறல் வேறு கதை. குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஒன்டாரியோ, மிச்சிகன் போன்ற இடங்களில் ஓடும் வண்டியில், பூச்சு அறுந்த விளிம்பிலிருந்து அரிப்பு நூல் நூலாகப் பூச்சின் அடியில் நெளிந்து போகும். ஏர்ஸ்ட்ரீம்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தகட்டின் வெட்டு விளிம்பிலும் விளக்குகளைச் சுற்றியும்தான் அது முதலில் தலைகாட்டும். அதற்கும் மருந்து தேய்ப்பது அல்ல, விளிம்பை மூடுவது. தண்ணீரைப் பற்றிய பயத்தை வைக்கவேண்டிய இடம் இன்னும் வேறு. அதே கிளை சுவரில் கோடு போட்டுவிட்டு மேலே கூரை விளிம்பின் சீலன்டையும் கிழித்திருக்கலாம். மூலைப் பட்டையின் திருகை அசைத்திருக்கலாம். அங்கே இறங்கும் தண்ணீர் சுவருக்குள் ஊறி, ஒட்டுப் பலகையை அழுகவைத்து, ஃபைபர்கிளாஸ் தாளைக் கொப்புளமாக மேலே தள்ளும். அந்த நிலைக்கு வந்த சுவரைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நேரம் வண்டியின் விலையோடு போட்டி போடும். வண்டிக்காரரின் கண் கோட்டின் மேலேயே இருக்கும். நீ ஏணி போட்டு அந்தக் கோட்டுக்கு நேர் மேலே கூரையைப் பார். கீறலுக்காக வந்த வண்டியில் ஏறிப் பார்க்காமல் அனுப்பிய பட்டறை பாதி வேலைதான் செய்திருக்கிறது.

"புதுசுக்குக் கொடுத்த காசு. புதுசாகத்தான் இருக்கவேண்டும்" என்று சொல்கிறவரிடம் வாதாடாதே, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல வருடக் கடனில் வாங்கியிருப்பார். ஆனால் அந்த நியாயத்துக்கு வலுவிருக்கிற நேரம், வண்டியைக் கடையில் ஒப்படைக்கும் அந்தச் சில மணி நேரம்தான். இன்டியானாவின் எல்க்ஹார்ட் தொழிற்சாலையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் இழுத்து வந்து, கடையின் முற்றத்தில் நின்று, பிரஷ் போட்டுக் கழுவி நிற்கிறது வண்டி. வழியில் எங்கு வேண்டுமானாலும் கீறல் விழுந்திருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுதி வாங்கிய குறைக்கு ஒரு பதில் கிடைக்கும். பிறகு சொன்னால், வெளிப்பூச்சின் கீறலைப் பொதுவாக உத்தரவாதம் ஏற்காது. நீ கடைக்கு வேலை செய்கிறவனாக இருந்தால், வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் கீறலைத் தேய்த்துவிடச் சொல்வார்கள். தேய்க்கலாம், ஆனால் தேய்த்ததை வாங்குகிறவரிடம் சொல்லவேண்டும் என்று முதலிலேயே ஒப்புதல் வாங்கிக்கொள். அவர் வாங்குவது முழுக் கனமுள்ள பூச்சு என்று நம்பித்தான்.

நகம் மாட்டுகிற ஆழமான கீறல் ஜெல்கோட்டில் விழுந்து, இழை தெரிகிறது என்றால் அங்கே தயங்காதே. அதைத் தேய்த்துச் சமன் செய்யப் பார்க்காமல் நிரப்பு. வெள்ளையில் பல வெள்ளை உண்டு. வண்டியின் தொடர் எண்ணைக் கொடுத்து உற்பத்தியாளரிடம் அதே ஜெல்கோட்டைக் கேள். வெயில் படாத புது வண்டிக்கு நிறம் சேர்வது எளிது, இந்த வேலையில் புது வண்டி நமக்குச் செய்யும் ஒரே உதவி அது. ஹார்டனர் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் சரியாக இறுகாது. காற்று பட்டாலும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால் மேலே ஃபிலிமை ஒட்டி மூடு. ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதே. இறுகியபின் நிரப்பிய இடத்தை மட்டும் 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் இறக்கி, கடைசியில் காம்பவுண்ட் போடு. சுற்றியுள்ள சுவரை டேப்பால் மறைத்துக்கொள், கை நழுவி நல்ல இடத்துக்குப் போகக்கூடாது. ஸ்டிக்கர் கோட்டின் மேல் கீறல் போனால் அதைச் சரிசெய்ய மெனக்கெடாதே, புது ஸ்டிக்கர் வரவழை.

வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் எழுது: எந்தப் பக்கச் சுவர், கதவிலிருந்து எத்தனை அடி, எந்த எண் வாட்டர் பேப்பர், மெஷின் எத்தனை முறை ஓடியது, மெழுகா நிரப்பலா தேய்ப்பா. அதன் நகலை வண்டிக்காரரிடம் கொடுத்து, வண்டிக் காகிதங்களோடு வைக்கச் சொல். தொடாமல் விட்ட கீறல்களையும் காரணத்தோடு எழுது. முதலாளி இதற்குத் தனி நேரம் கணக்கில் தரமாட்டார். ஐந்து நிமிடம்தான், உன் நேரத்திலிருந்து கொடு. அடுத்த வருடம் அதே சுவரில் வேறொருவன் மெஷினை வைப்பதற்கு முன் படிக்க அவனுக்கு வேறு எதுவும் இருக்காது.

அன்புடன்,
இந்த வேலையில் உனக்கு மூத்தவன்