வெப்பக்காற்று பலூன் எவ்வளவு நேரம் பறக்கும்? எக்ஸெலில் கணக்கிடலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், எக்ஸெல் என்றால் கடைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் போடுவதற்கு மட்டுமே என்று நினைக்கின்றனர். "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு நொடியில் விடை தருவதுதான் அதன் உண்மையான பலம். அதை ஒரு சுவையான கணக்கு மூலம் இங்கு கற்றுக்கொள்ளலாம்.

பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கலை ஒட்டி பலூன் திருவிழா நடத்தப்பட்டு வருகிறது. அங்கு பறக்கும் பலூன்களில் புரொபேன் காஸ் எரித்து, உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகின்றனர். சூடான காற்று விரிந்து எடை குறைவதால் பலூன் மேலே எழுகிறது. ஆனால் துணி வழியாக வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே பர்னரை விட்டு விட்டு எரிக்க வேண்டும். காஸ் தீர்ந்தால் பயணமும் முடிந்தது. நடுத்தர அளவு பலூனுக்கு மணிக்கு 30 கிலோ காஸ் செலவாகும் என வைத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ, அரை மணி நேரம் கூடத் தாங்காது!

ஒர்க் ஷீட் தயாரித்தல்

எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். புதிய ஒர்க் ஷீட்டைத் திறந்து, ஏ நெட்டு வரிசையில் கீழ்க்காணும் பெயர்களையும், பி நெட்டு வரிசையில் அவற்றுக்கான எண்களையும் அமைக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்திட வேண்டும்.

1. வெளிக்காற்றின் வெப்பம் (டிகிரி செல்சியஸ்): 20
2. பலூனுக்குள் வெப்பம்: 100
3. பலூனின் கொள்ளளவு (கன மீட்டர்): 2200
4. தூக்கும் எடை (கிலோ): =(353/(273+பி1)-353/(273+பி2))*பி3
5. பலூன், கூடை, நிரப்பிய சிலிண்டர்கள் எடை: 330
6. ஆட்களுக்கு மீதி எடை: =பி4-பி5
7. காஸ் இருப்பு (கிலோ): 60
8. தொடாமல் வைக்கும் காஸ்: 15
9. ஒரு மணி நேரச் செலவு: 30
10. பறக்கும் நேரம் (மணி): =(பி7-பி8)/பி9

நான்காவது வரியில் உள்ள பார்முலாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 353 என்ற எண்ணை, 273 உடன் வெப்பநிலையைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று எத்தனை கிலோ என்பது கிடைக்கும். நாமக்கல் போன்ற உயரமான சமவெளியில் இது சற்றுக் குறையும். வெளிக்காற்றின் எடையிலிருந்து உள்காற்றின் எடையைக் கழித்தால் தூக்கும் சக்தி தெரியும். என்டர் தட்டியவுடன் பி4 செல்லில் சுமார் 568 கிலோ, பி6ல் 238 கிலோ, பி10ல் 1.5 மணி நேரம் என விடைகள் வரும். அதாவது மூன்று பேர் ஒன்றரை மணி நேரம் பறக்கலாம். கண்ட்ரோல் + எஸ் அழுத்தி பைலை சேவ் செய்து கொள்ளவும்.

எண்களை மாற்றிப் பாருங்கள்

முதலில் பி1ல் 35 எனத் தரவும். தூக்கும் எடை 439 கிலோவாகக் குறைந்து, ஆட்களுக்கு 109 கிலோ மட்டுமே மிஞ்சும். ஓட்டுபவர் ஒருவர்தான் ஏற முடியும்! காற்று அமைதியாக இருப்பது மட்டுமின்றி, இந்தக் குளிர்ச்சிக்காகவும்தான் பலூன்களை அதிகாலையில் பறக்க விடுகின்றனர்.

அடுத்து பி1ல் மீண்டும் 20 தந்து, 20 கிலோ காஸ் கொண்ட இரண்டு சிலிண்டர்களை ஏற்றுவோம். காலி சிலிண்டரின் எடையையும் சேர்த்து ஒன்று 35 கிலோ என்று கொண்டால், பி5ல் 400, பி7ல் 100 எனத் தர வேண்டும். பறக்கும் நேரம் 2.8 மணியாக உயரும். ஆனால் ஆட்களுக்கு 168 கிலோதான் மிஞ்சும். ஒருவரை இறக்கிவிட்டுத்தான் கூடுதல் நேரத்தைப் பெற முடிகிறது. டீசல் டேங்கைப் பெரிதாக்கினால் லாரி வழியில் நிரப்பாமல் கூடுதல் தூரம் போகும். பலூனில் எரிபொருளே சுமையாகிவிடுகிறது.

எட்டாவது வரியில் பூஜ்யம் தந்தால் நேரம் கூடும். ஆனால் அதைச் செய்யக் கூடாது. மின்கம்பியோ மரமோ குறுக்கிட்டால் மேலே எழுந்து, வேறு இடம் தேடி இறங்க அந்தக் காஸ்தான் உதவும்.

நீண்ட நேரம் பறந்தவர்கள்

பலூனின் விட்டத்தை இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். வெப்பத்தை இழக்கும் துணியின் பரப்பு நான்கு மடங்குதான். எனவே பெரிய பலூனுக்கு லாபம் அதிகம். 1997ல் ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோ காண்டா, ஹிரோசுகே தகேசவா ஆகிய இருவர் வெப்பக்காற்றை மட்டும் நம்பி 50 மணி 38 நிமிடங்கள் பறந்து சாதனை படைத்தனர்.

நாட்கணக்கில் பறக்க ஹீலியம் வாயுவும் தேவை. ஹீலியமும் வெப்பக்காற்றும் சேர்ந்த பலூனில் உலகைச் சுற்ற, அமெரிக்காவிலிருந்து 1997 ஜனவரியில் கிளம்பினார் ஸ்டீவ் பாசெட். லிபியா முதலில் அனுமதி மறுத்ததால் சுற்றுப்பாதைக்காக எரிபொருளை இழந்தார். ஆறு நாட்களுக்குப் பின் உத்தரப்பிரதேசத்தில் சுல்தான்பூர் அருகே இறங்க வேண்டியதாயிற்று. இதே வகைப் பலூனில் 1999 மார்ச்சில் பெர்ட்ராண்ட் பிக்கார்ட், பிரையன் ஜோன்ஸ் ஆகியோர் 19 நாட்கள் 21 மணி 47 நிமிடங்கள் பறந்து உலகைச் சுற்றினர்.

நாம் தயாரித்தது பாடத்துக்கான கணக்குதான். உண்மையான பலூனுக்கு அதைத் தயாரித்தவர்கள் தரும் அட்டவணையையே பின்பற்ற வேண்டும். ஆனால் எண்களைத் தனித்தனி செல்களில் வைத்து, பார்முலாவில் செல் பெயர்களை மட்டும் தரும் இந்த முறை எதற்கும் உதவும். லாரியின் டீசல் செலவுக்கோ கோழிப்பண்ணையின் தீவனச் செலவுக்கோ இதே போல ஒரு ஷீட் தயாரித்துப் பாருங்கள்.