மியூசியம் பார்க்கப் போகிற தங்கச்சிக்கு

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியான றொசல்லயிலிருந்து கொழும்புக்குப் போகிற எங்கள் பிள்ளைகள் காலிமுகத்திடலில் காற்று வாங்குவார்கள், பெட்டாவில் உடுப்பு எடுப்பார்கள், இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற என் தங்கச்சி, இந்த முறை கூட்டாளிகளோடு ஓவிய மியூசியத்துக்குப் போகிறேன் என்றாள். அடுத்த நிமிசமே, "அங்க போயி எனக்கு ஒண்ணும் விளங்காட்டி என்னக்கா செய்யிறது?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போகிற இடம் இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019இல் தொடங்கியது. கொள்ளுப்பிட்டியில், காலி வீதியில், கிரெஸ்கட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை. ஒரு காட்சியை இறக்கிவிட்டு அடுத்ததை மாட்டுகிற நாட்களில் மூடியிருக்கும், அதனால் முதல் நாளே அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்பு பஸ்ஸை மெயின் ரோட்டில் மறிக்காமல் ஹட்டனுக்கே ஏறிப் போய் உட்கார்ந்து வாருங்கள். அஞ்சு மணித்தியாலம் நின்றுகொண்டு வந்தால் எந்தப் படமும் கண்ணில் ஏறாது. பெட்டாவில் இறங்கி 100ஆம் நம்பர் பஸ் எடுத்தால் காலி வீதிதான்.

கிரெஸ்கட் பெரிய கடைத்தொகுதி. கண்ணாடிக் கதவு, செக்கியூரிட்டி, வாசனை. நம் கால் அங்கேதான் தயங்கும். பத்து வருசத்துக்கு முந்தி வேறொரு கேலரி வாசலில் நான் கால் மணித்தியாலம் நின்றுவிட்டு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே திரும்பி வந்தேன். அன்றைக்கு உள்ளே என்ன மாட்டியிருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நீங்கள் நேரே உள்ளே போங்கள்.

போனதும் சுவரில் தமிழைத் தேடுங்கள். விளக்கங்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்றிலும் இருக்கும். ஆனால் அதை முதலில் வாசிக்காதீர்கள். படத்தின் முன்னால் ரெண்டு நிமிசம் நின்று, இதை எதால் செய்திருக்கிறார்கள், அந்தப் பொருள் இதற்கு முந்தி எங்கே கிடந்தது, யார் கைபட்டது என்று பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு ஆங்கிலமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். அதற்குப் பிறகு வாசித்தால் எழுதியிருப்பது உங்களோடு பேசும்.

உதாரணத்துக்கு, மலையகத்திலிருந்து வந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம், சாயம் இறக்கிவிட்டு எறிகிற தேயிலைப் பைகளையே எடுத்து வேலை செய்தவர். அதைப் பார்க்க நம்மைவிடத் தகுதியான கண் யாருக்கு இருக்கிறது? போவதற்கு முன்னால் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கொப்பித் தாளில் ரெண்டு சொட்டுத் தேத்தண்ணி விட்டு அப்படியே காயவிடுங்கள். நடு வெளிறி, ஓரம் மட்டும் கோடு கிழித்த மாதிரி கறுத்து நிற்கும். காயக் காயச் சாயம் ஓரத்துக்கு ஒதுங்குவதால் வருவது அது. அம்மாவின் பெருவிரல் வெடிப்பில் கொழுந்துக் கறை இறங்கி நிற்கிறதே, அதையும் ஒருதரம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவ்வளவும் பார்த்த கண்ணோடு போனால், "இது என்ன ஓவியம், இதை நானும் செய்வேனே" என்று வாயில் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் ஒரு வேலை செய்தார். இடம்பெயர்ந்தவர்களிடம் போய், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரச் சொன்னார். அதை வரைபடமாக்கி, பக்கத்தில் தன் சித்திரத்தையும் வைத்து, முற்றுப்பெறாத தோம்பு (தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு) என்ற பொருளில் பெயரிட்டு, ஆபீஸ் பைல் மாதிரியே ஒரு புத்தகமாக்கினார். வரைந்து கொடுத்தவர்கள் ஓவியர்கள் இல்லை. இதைக் கேட்டதும் நான் எங்கள் லயத்துக் காம்பராவை வரைந்து பார்த்தேன். இஸ்தோப்பு, அடுப்படி, சாமிப் படம். அப்பாவின் கட்டிலை எந்தச் சுவரோரம் போட்டிருந்தோம் என்று வரும்போது கை நின்றுவிட்டது. மியூசியத்தில் ஏதாவது ஒரு படத்துக்கு முன்னால் உங்களுக்கும் அப்படி நிற்கலாம். அங்கேயே இருங்கள், மற்றதை விட்டாலும் பரவாயில்லை. ஒரு நாளைக்கு மூன்று படம் ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

விளங்காததை அங்கே நிற்கிற பிள்ளைகளிடம் தமிழிலேயே கேளுங்கள். விளக்கம் சொல்வதுதான் அவர்களுடைய வேலை. தொடாதீர்கள், நம் விரலில் இருக்கிற எண்ணெயும் வேர்வையும் தாளைக் கெடுக்கும். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

முடிந்தால் அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகுமே என்று யோசிப்பார், ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால் அன்றைக்கே வையுங்கள். தேயிலைப் பை மாட்டியிருந்தால், அது எத்தனையாம் சாயம் என்று அவர்தான் சொல்வார். சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரைப் பைக்குள் மேலாகவே வையுங்கள், திரும்பி வரும்போது கினிகத்தேனை தாண்டியதும் குளிர் ஏறும்.